வசந்தத்தில் வைத்த தீ

நமக்கு வசந்தம் கிடையாது. மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மழைக்காலம், மழை கொஞ்சம் குறைந்த காலம், அப்புறம் புகைமூட்டக் காலம். வசந்தம் என்பது பாட்டில் கேட்டது, சினிமாவில் பூ உதிர்ந்தது. பள்ளியில் ஆறு பெரும்பொழுதுகளையும் மனப்பாடம் செய்தபோது இளவேனில் என்றால் இதமான காற்று என்று குறித்துக்கொண்டதோடு சரி. அந்தக் காற்று வீட்டை எரிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு காட்டுத்தீ கிளம்பியது. அந்த மாநிலத்தின் பதிவான வரலாற்றில் அதைவிடப் பெரிய தீ இல்லை. எரிந்த பரப்பு 341,000 ஏக்கருக்கும் மேல். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், ஏறத்தாழ இரண்டு சிங்கப்பூர். இதில் என்னை உட்கார வைத்தது அளவு அல்ல. அந்தத் தீயை வைத்தது அரசாங்கம். காட்டைக் காப்பதற்கென்றே இருக்கிற வனத்துறை, காட்டுத்தீயைத் தடுப்பதற்காகவே, திட்டம் போட்டு, அனுமதி வாங்கி வைத்த தீ அது. இது எப்படி நடந்தது என்று தேடிக்கொண்டே போனதில் பர்மா வந்தது, மதராஸ் வந்தது, கடைசியில் நம் ஊர் வனத்துறையும் வந்தது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே வடக்குத் தெற்காகப் பல நூறு மைல்களுக்குப் புல்வெளிச் சமவெளி. மார்ச் முதல் மே வரை அங்கே காலநிலை ஒரு முடிவுக்கு வராமல் தள்ளாடிக்கொண்டிருக்கும். வடக்கே குளிர் இன்னும் விலகியிருக்காது, தெற்கே வெப்பம் ஏறத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவே மேல்வானத்து வேகக்காற்று மலையைத் தாண்டி வரும். மலை ஏறும்போதே தன் ஈரத்தைக் கொட்டிவிடும் காற்று, மறுபக்கம் இறங்கும்போது ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை சூடாகும். சமவெளியைத் தொடும்போது அது சூடாகவும் காய்ந்தும் வேகமாகவும் இருக்கும். கீழே கிடப்பதோ சென்ற ஆண்டின் செத்த புல். பனி உருகிவிட்டது, புதுப்புல் இன்னும் முளைக்கவில்லை. அந்த இடைவெளியில் சில வாரங்களுக்கு நிலம் முழுக்கக் காகிதம் விரித்துவைத்த மாதிரி.

இன்னொரு விசித்திரமும் உண்டு. மலையின் கிழக்கடிவாரத்தில் உருவாகும் ஒரே புயல், ஒரே நாளில், வடக்குப் பக்கம் பனிப்புயலாகவும், கிழக்கே மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று வந்து சேரும் பக்கம் ஆலங்கட்டி மழையும் சூறாவளியுமாகவும், தென்மேற்கே புழுதியும் தீயுமாகவும் இருக்கும். 2024 பிப்ரவரி 26-ஆம் தேதி டெக்சாஸின் வடகோடியில் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ தொடங்கியது. சில நாட்களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் எரிந்தது, ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. தீ தொடங்கிய மூன்றாம் நாள் அதே நிலத்தில் பனி பெய்தது. சாம்பலின் மேல் பனி.

அமெரிக்க வானிலைத்துறை இப்படிப்பட்ட நாட்களுக்குச் 'செங்கொடி எச்சரிக்கை' விடும். அளவுகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பொதுவாகக் காற்றில் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குக் கீழே போய், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சில மணி நேரம் நீடித்தால் செங்கொடி. நம் ஊரில் ஈரப்பதம் 60-க்குக் கீழே போனாலே உதடு காய்கிறது என்போம். 15 என்பதை நம் உடம்பால் கற்பனைகூடச் செய்ய முடியாது.

தீ எரிந்த இடம் சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடரின் கிழக்குச் சரிவு. மலை முடிந்து சமவெளி தொடங்குகிற விளிம்பு. பக்கத்து நகரத்தின் பெயர் லாஸ் வேகாஸ். சூதாட்ட விடுதிகள் இருக்கும் லாஸ் வேகாஸ் இல்லை, இது அதைவிடப் பழைய, அதைவிட ஏழையான ஊர். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் அங்கே பல தலைமுறைகளாக இருக்கின்றன. மெக்சிகோ அரசின் காலத்தில், 1835-இல், மோரா பள்ளத்தாக்கில் குடியேறியவர்களுக்கு நிலக்கொடை தரப்பட்டது. வீட்டுக்கும் வயலுக்கும் தனித்தனி நிலம். மலையும் காடும் மேய்ச்சலும் எல்லோருக்கும் பொது. விறகு, மரம், மூலிகை, ஆட்டுக்குத் தீவனம் எல்லாம் அந்தப் பொதுநிலத்திலிருந்து. மலையிலிருந்து வரும் நீரை 'அசேக்கியா' எனப்படும் மண்வாய்க்கால்களில் பங்கிட்டுக்கொள்வார்கள். அது அரபு மொழியிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்த சொல். ஒவ்வொரு வசந்தத்திலும் பங்குதாரர்கள் மண்வெட்டியோடு சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாருவார்கள். குடிமராமத்து என்று நம் பாட்டன்மார் சொன்னதேதான்.

1846-இல் அமெரிக்கப் படை வந்தது. 1848 உடன்படிக்கையில் மக்களின் சொத்துரிமையை மதிப்போம் என்று அமெரிக்கா கையெழுத்திட்டது. அப்புறம் வழக்கறிஞர்கள் வந்தார்கள், நில அளவையாளர்கள் வந்தார்கள், 1879-இல் ரயில் வந்தது. பொதுநிலம் என்ற கருத்தே புதிய சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மலை கைமாறியது. 1889-90-இல் 'வெள்ளைத் தொப்பிகள்' என்ற பெயரில் ஒரு கூட்டம் இரவோடு இரவாக லாஸ் வேகாஸ் பக்கத்துப் பொதுநிலத்தில் போட்ட முள்வேலிகளை வெட்டிப் போட்டது. வேலி மறுபடி வந்தது. 1892-இல் பீகோஸ் ஆற்றின் தலைப்பகுதிக் காடு அரசின் ஒதுக்குக் காடானது.

இங்கேதான் தீயின் கதையும் மாறுகிறது. அந்த மலைகளின் பாண்டரோசா பைன் மரங்களை அறுத்துப் பார்த்தால் வளையங்களில் தீத்தழும்புகள் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தரையாக ஒரு சின்னத் தீ ஓடியிருக்கிறது. பெரிய மரங்களின் தடித்த பட்டை அதைத் தாங்கும். சருகும் கன்றுகளும் எரிந்துபோகும். காடு இடைவெளி விட்டு, புல் முளைத்து, வெளிச்சமாக இருக்கும். மின்னல் வைத்த தீ பாதி என்றால் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் வேண்டுமென்றே வைத்த தீயும் உண்டு. ரயில் வந்ததும் ஆடுமாடுகள் ஆயிரக்கணக்கில் வந்தன, தீயைச் சுமக்கும் புல்லை மேய்ந்து தீர்த்தன. மரவளையங்களில் தழும்புகள் அந்தக் காலத்தோடு நின்றுபோகின்றன. பின்னால் வந்த வனத்துறை அந்த நிறுத்தத்தைக் கொள்கையாக்கியது.

அந்தக் கொள்கை அமெரிக்காவில் மட்டும் பிறந்ததல்ல. அதில் ஒரு பங்கு நம் பக்கத்திலிருந்து போனது.

அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் கிஃபோர்டு பின்ஷோ. 1905-இல் பதவிக்கு வந்தவர். இளைஞராக ஐரோப்பாவுக்குப் போய்க் காட்டியல் படித்தபோது அவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிஷ் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். யார் இந்த பிராண்டிஸ்? 1856-இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பாளராக வந்து, 1864-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் தலைமை வனக் கண்காணிப்பாளர் ஆனவர். காட்டை அரசு எடுத்துக்கொள்வது, எல்லை போடுவது, காவலர் வைப்பது, தீயைக் குற்றமாக்குவது என்ற முழு ஏற்பாட்டையும் ஒரு துணைக்கண்டத்தின் அளவுக்கு நடத்திக்காட்டியவர்களில் அவர் முதன்மையானவர்.

மதராஸில் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1856-இல் காடுகளின் பாதுகாவலராக நியமிக்கப்பட்டிருந்தார். மலைமக்கள் காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, சில ஆண்டுகள் கழித்து அடுத்த துண்டுக்கு நகரும் முறையை அன்றைய ஆவணங்கள் 'குமரி' என்று குறித்தன. அது நாசவேலை என்பது அவர் முடிவு. அது கட்டுப்படுத்தப்பட்டது. 1878-இல் இந்திய வனச்சட்டம், 1882-இல் மதராஸ் வனச்சட்டம். ஒதுக்குக் காட்டில் தீ வைத்தவன் குற்றவாளி.

ஆனால் அதே காலத்தில் காப்பிக்கும் தேயிலைக்கும் மலை மலையாக வெட்டி எரித்தார்கள். அது வளர்ச்சி. மலைவாசி ஒரு ஏக்கர் எரித்தால் அழிவு, துரை ஆயிரம் ஏக்கர் எரித்தால் எஸ்டேட். தீயின் நிறம் ஒன்றுதான், சட்டத்தின் முன்னால் வேறு வேறு.

இதை நாம் தள்ளி நின்று பேச முடியாது. மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் வெட்டி எரித்த காட்டின் மேல்தான் நின்றன. அந்த வேலையில் தமிழர், ஜாவானியர், சீனர், மலாய்க்காரர் எல்லோருடைய கையும் இருந்தது. என் தாத்தா பழைய ரப்பரை அழித்து மறுநடவு செய்த காலத்தில் தோட்டத்தில் வேலை செய்தவர். விழுந்த மரங்களை அடுக்கி எரிப்பதைப் பற்றி ஒருமுறை சொன்னார்: "தீ வைக்கிறது பெரிய வேல இல்லடா. எப்ப வைக்கக்கூடாதுன்னு தெரியணும். கிராணி வந்து இன்னிக்கே வைன்னுவாரு. கங்காணி மேல பாப்பாரு, எல எந்தப் பக்கம் திரும்புதுன்னு. அப்புறந்தான் குச்சி கிழிப்போம்." நியூ மெக்சிகோவின் விசாரணை அறிக்கையைப் பற்றிப் படிக்கும்போது இந்த வார்த்தைகள்தாம் நினைவில் ஓடின. அதற்குப் பிறகு வருகிறேன்.

தீயை முற்றாக விலக்கும் கொள்கையின் மேல் சந்தேகமும் நம் பக்கத்திலேயே கிளம்பியது. பர்மாவில் பல ஆண்டுகள் தீயைத் தடுத்துப் பார்த்த வன அதிகாரிகள், ஈரமான காடுகளில் தேக்குக் கன்றுகளே காணோம் என்று கவனித்தார்கள். தீ ஓடாத தரையில் மூங்கிலும் புதரும் நிழல் கட்டிவிட, தேக்கு முளைக்கவில்லை. 1896-இல் ஸ்லேட் என்ற அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிப்போய்விட்டது என்று இந்தியாவின் வனவியல் இதழிலேயே எழுதினார். பிராண்டிஸ்கூட ஒரு காரியம் செய்திருந்தார். எரித்துப் பயிரிடும் கரேன் மலைமக்களைத் துரத்துவதற்குப் பதிலாக, அவர்கள் எரித்த நிலத்திலேயே நெல்லோடு தேக்கும் ஊன்றச் சொன்னார். 'டாங்யா' முறை என்று உலகம் முழுக்கப் பரவியது அதுதான். அதாவது அவர்களுடைய தீ இல்லாமல் அரசின் தேக்கு வளராது என்று அன்றே ஓரளவு தெரிந்திருந்தது. ஆனால் அமெரிக்காவுக்குப் பயணமான சரக்கில் சட்டமும் காவலும்தான் முன்னால் போயின. சந்தேகங்கள் கப்பல் ஏறத் தாமதமாகிவிட்டது.

நமக்கு வந்த சரக்கும் அதேதான். 1900-இல் இந்திய வனப்பணியின் ஹில் என்பவர் இங்கே வந்து அறிக்கை கொடுத்தார். 1901-இல் பர்மாவில் பணியாற்றிய பர்ன்-மர்டாக் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் தலைமை வன அதிகாரியானார். லாடாங் போடும் பூர்வகுடிகளைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண் அந்தப் பரம்பரையிலிருந்துதான் வந்தது.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். வனத்துறை தொடங்கி ஐந்தே ஆண்டில், 1910 ஆகஸ்டில், ஐடஹோ, மொன்டானா மலைகளில் இரண்டே நாளில் சுமார் முப்பது லட்சம் ஏக்கர் எரிந்து, எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பயம் துறையின் எலும்பில் ஏறிவிட்டது. கலிஃபோர்னியாவில் சிலர், பூர்வகுடிகள் செய்த மாதிரி லேசாக எரித்துவிடலாமே என்றபோது, துறை ஆட்கள் ஒரு பூர்வகுடிப் பெயரைச் சொல்லி 'பையூட் காட்டியல்' என்று கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தவர்களில் ஒருவர் ஆல்டோ லியோபோல்ட். பிற்காலத்தில் சூழலியலின் ஆசான் என்று கொண்டாடப்பட்டவர், அப்போது நியூ மெக்சிகோவில் வன அதிகாரி. 1920-இல் அப்படி எழுதிய அதே மனிதர், 1924-இல் தெற்கு அரிசோனாவின் புல்லையும் புதரையும் தீத்தழும்புகளையும் நேரில் பார்த்துவிட்டு, தீ நின்றதால்தான் புதர் ஏறியிருக்கிறது என்று எழுதினார். அதைச் சொன்னபோது அவர் தன் துறையின் போக்குக்கு எதிராக நின்றார்.

துறை கேட்கவில்லை. 1935-இல் 'காலை பத்து மணி' கொள்கை வந்தது: எந்தத் தீயாக இருந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கியாக வேண்டும். 1944-இல் ஸ்மோக்கி என்ற தொப்பி போட்ட கரடி சுவரொட்டியில் வந்தது. 1950-இல் நியூ மெக்சிகோவின் கேப்பிட்டன் மலையில் தீக்காயத்தோடு கிடைத்த கரடிக்குட்டிக்கு அதே பெயரை வைத்து வாஷிங்டன் மிருகக்காட்சிச்சாலையில் வளர்த்தார்கள். ஒரு தலைமுறைக் குழந்தைகளே அதற்குக் கடிதம் எழுதினார்கள். பரப்புரை என்ற வகையில் அபாரமான வெற்றி. அதற்குள் மலையில் என்ன நடந்தது? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்திருக்க வேண்டிய சருகு எழுபது, எண்பது ஆண்டுகள் சேர்ந்தது. மரங்கள் நெருங்கி வளர்ந்தன. தரையில் பிடித்தால் உச்சிக்குத் தாவுகிற தீக்கு ஏணி தயாரானது.

1970களின் இறுதியில் வனத்துறை கொள்கையை மாற்றிக்கொண்டது. திட்டமிட்டு எரிப்போம் என்றது. நல்ல முடிவுதான். ஆனால் எரிக்கத் தெரிந்த கைகளுக்கு ஒரு நூற்றாண்டு இடைவெளி விழுந்திருந்தது. காடு வேறு காடு, காலநிலையும் வேறு. 2000 மே மாதம் நியூ மெக்சிகோவிலேயே தேசியப் பூங்காத் துறை வைத்த ஒரு தீ கைமீறி, அணுகுண்டு பிறந்த லாஸ் அலமோஸ் நகரத்துக்குள் புகுந்தது. 400-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை இழந்தன. வசந்தத்துக் காற்று அன்றே ஒரு முறை சொல்லிவிட்டுப் போனது.

2022-க்கு வருவோம். லாஸ் வேகாஸ் நகரத்துக்குக் குடிநீர் தரும் காயினாஸ் ஆற்றின் நீர்ப்பிடிப்புக் காட்டைப் பெருந்தீயிலிருந்து காப்பதுதான் திட்டத்தின் நோக்கம். ஏப்ரல் 6, ஹெர்மிட்ஸ் பீக் மலையடிவாரத்தில் தீ வைத்தார்கள். அன்று பிற்பகலே அது எல்லை தாண்டியது. இதற்கிடையில் பக்கத்துக் காஃப் கேன்யனில், ஜனவரியில் எரித்துவிட்டுப் போன விறகுக் குவியல்களின் அடியில் ஒரு கங்கு, மூன்று பனிப்பொழிவுகளைத் தாண்டி மண்ணுக்குள் உயிரோடு இருந்தது. ஏப்ரலில் அது எழுந்தது. ஏப்ரல் 22 அன்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வீசிய காற்றில் இரண்டு தீயும் ஒன்றாயின. முழுக் கட்டுப்பாட்டுக்குள் வர ஆகஸ்ட் ஆனது. வீடுகளும் கொட்டகைகளுமாக 900-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின.

ஜூனில் வனத்துறையே தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. திட்டத்தின் காகிதங்கள் பெரும்பாலும் சரி. ஆனால் வறட்சி எவ்வளவு ஆழம் என்பதைக் குறைத்து எடைபோட்டார்கள். வானிலைக் கருவிகள் போதவில்லை. கொரோனாவாலும் பிற தடைகளாலும் தள்ளிப்போன வேலையை முடித்துக்காட்ட வேண்டிய அழுத்தம் இருந்தது. கிராணி இன்னிக்கே வைன்னுட்டார் என்று நான் புரிந்துகொண்டேன். ஏப்ரலில் இங்கே காற்று எப்படி வீசும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியுமே, இவர்களுக்குத் தெரியாதா என்பது உள்ளூர்க்காரர்கள் பலரும் கேட்ட கேள்வி. அந்தக் கேள்விக்குள் 1848-உம் இருந்தது.

மே மாதம் நாடு முழுக்கத் திட்டமிட்ட எரிப்புகள் 90 நாட்களுக்கு நிறுத்தப்பட்டன. அந்த அறிவிப்பிலேயே வனத்துறைத் தலைவர் ஒரு கணக்கும் சொன்னார்: 99.84 விழுக்காட்டு எரிப்புகள் திட்டப்படியே முடிகின்றன. இந்த எண்ணை நான் கேலி செய்ய மாட்டேன். அது முக்கியமான எண். எரிக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நூறாண்டுச் சாட்சி இருக்கிறது. ஆனால் மிச்சமிருக்கும் 0.16 எங்கே விழுகிறது, யார் தலையில் விழுகிறது என்பதும் கணக்குத்தான். அது ஏற்கெனவே மலையை இழந்தவர்கள் தலையில் விழுந்தது.

தீயில் யாரும் நேரடியாகச் சாகவில்லை. ஜூலையில் மழை வந்தபோது, வேர்ப்பிடிப்பு இல்லாத சரிவிலிருந்து வெள்ளம் இறங்கி மூன்று பேரைக் கொண்டுபோனது. ஆறு சாம்பலாக ஓடியது. எந்த ஊரின் குடிநீருக்காகத் தீ வைத்தார்களோ அந்த லாஸ் வேகாஸில் சில வாரங்களுக்கான நீர்தான் கையிருப்பு என்ற நிலை வந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் இழப்பீட்டுக்காக 2022-இல் இரண்டு தவணையில் ஏறத்தாழ 4 பில்லியன் டாலர் ஒதுக்கியது. பணம் கைக்கு வரப் பத்திரம் கேட்டார்கள், ரசீது கேட்டார்கள். பாட்டன் கையால் கட்டிய வீட்டுக்கு ரசீது எங்கே இருக்கும்? பட்டா இல்லாமல் மூன்று தலைமுறை தோட்டத்து லயத்தில் வாழ்ந்துவிட்டு வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் எதற்கு இங்கே எழுதுகிறேன்? 1997 செப்டம்பரில் சரவாக்கில் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவித்தார்கள். 2015-இலும் 2019-இலும் பள்ளிகளை மூடினார்கள். ஒவ்வொரு முறையும், காட்டை எரிக்கும் சிறு விவசாயிதான் காரணம் என்று ஒரு குரல் உடனே எழும். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டு, கரிமண்ணைக் காயவைத்த பெருந்தோட்டங்களைப் பற்றிய பேச்சு மெதுவாகத்தான் வரும். காய்ந்த கரிமண்ணும் காஃப் கேன்யனின் கங்கு போலத்தான், மேலே அணைந்தாலும் கீழே எரியும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் 'தரகு பெங்கி' என்று சருகுத்தீ வைத்துவந்தார்கள். காடு சரணாலயமானது, தீ தடைசெய்யப்பட்டது. இப்போது உன்னிச்செடி ஆள் உயரத்துக்கு அடைத்துக் கிடக்கிறது. எரித்த காலத்தில் இது இப்படிப் பரவவில்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

தீயைத் தடைசெய்தவர்களின் வரலாறு எழுத்தில் இருக்கிறது: அறிக்கை, சட்டம், வரைபடம், இதழ். தீயை அளந்து வைத்தவர்களின் வரலாறு இருப்பது மரவளையத்திலும் வாய்மொழியிலும்தான். இலக்கியம் படிக்கிறவர்களாகிய நாம் இரண்டாவதைத்தான் தேடிப்போய்க் கேட்க வேண்டியவர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த யாராவது இன்னும் இருந்தால் கேளுங்கள்: மறுநடவுக்கு எரித்தபோது எந்த மாதத்தில் எரித்தார்கள், எந்தக் காற்றில் எரிக்க மறுத்தார்கள், மறுத்தபோது கிராணி என்ன சொன்னார். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.